தன்னியல்பை அறிவதும் ஒரு வழிபாடே

இலங்கையைத் துறந்து நான்கு துணைவர்களுடன் வந்த விபீஷணன், வானத்தில் நின்றவாறே அடைக்கலம் வேண்டுகிறான். அவனை ஏற்பதா, விலக்குவதா? ஸ்ரீராமபிரான் இந்த வினாவைத் தாம் ஒருவராகவே ஒரு நொடியில் தீர்த்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல் உடனிருந்தோர் ஒவ்வொருவரின் கருத்தையும் கேட்டார். வால்மீகி முனிவர் யுத்த காண்டத்தில் விரித்துரைக்கும் இந்த ஆலோசனையைச் சரணாகதியின் பெருமைக்காகவே பக்தர்கள் பெரிதும் போற்றுவர். மனித மனங்கள் எவ்வெவ்வாறு முடிவெடுக்கின்றன என்பதை அறிவதற்கும் அது சிறந்த பாடம்.

சுக்கிரீவனுக்கு முதலில் எழுந்தது ஐயம். பகைவனின் தம்பியைக் கொல்வதே நலம் என்றான். குணத்தையும் குற்றத்தையும் நிறுத்துப் பார்த்து, எது மிகுகிறதோ அதற்கேற்பச் செய்யலாம் என்றான் அங்கதன். ஒற்றரை அனுப்பி உண்மையை அறிய வேண்டும் என்பது சரபனின் யோசனை. வந்த இடமும் காலமும் பொருத்தமாக இல்லை என்று எச்சரித்தார் முதியவரான ஜாம்பவான். இனிய சொற்களால் மெல்ல விசாரிக்கலாம் என்றான் மைந்தன். அனுமனோ வந்தவனின் முகத்தையும் பேச்சையும் கவனித்திருந்தார். வஞ்சகம் உள்ளவனிடம் இத்தகைய தெளிவு இராது. ஆகவே ஏற்கலாம் என்றார்.

இவர்களில் எவருடைய பக்தியிலும் குறையில்லை. ஒரே தலைவனிடத்து ஒரே அன்புடையவர்கள், ஒரே செய்தியைக் கேட்டு ஆறு வழிகளைக் காட்டினார்கள். அன்பு ஒன்றாயினும் இயல்பு வேறு. குடும்பத்தில் கருத்து மாறுபட்டவுடன் அன்பே குறைந்துவிட்டதாக மனம் நோவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1921-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் கார்ல் யுங், மனித இயல்பின் வகைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சிலர் காரண காரியத்தை ஆராய்ந்து முடிவு செய்கின்றனர். சிலர் மனத்துக்கு உகந்ததா என்று உணர்ந்து பார்க்கின்றனர். சிலர் கண்ணால் கண்டதையே நம்புகின்றனர். சிலருக்கு உள்ளுணர்வே வழிகாட்டுகிறது. இவ்வாறு வகுத்ததோடு, மனம் உள்நோக்குவது, வெளிநோக்குவது என்னும் வேறுபாட்டையும் அவர் விளக்கினார். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று தம் அலுவலகங்களில் நிரப்பித் தரும் இயல்பறி வினாத்தாள்களில் சில அந்நூலின் வழிவந்தவையே.

ஒருவரின் இயல்பு இன்னது என்று அவை காட்டக்கூடும். அந்த இயல்பை அந்த வேளையில் இயக்குவது எது என்பதை அறியக் கீதையிடம் செல்ல வேண்டும். பதினெட்டாம் அத்தியாயத்தில் கண்ணபிரான் புத்தியை மூவகையாகப் பிரித்துக் காட்டுகிறார். செய்யத்தக்கதையும் தகாததையும் உள்ளபடி அறிவது சாத்துவிக புத்தி. அறத்தையும் மறத்தையும் பிழையாக அறிவது ராஜஸ புத்தி. எல்லாவற்றையும் தலைகீழாகக் காண்பது தாமஸ புத்தி. இதனைக் கொண்டு நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். ஒருவரின் நிதானம் விவேகமாகவும் இருக்கலாம், சோம்பலாகவும் இருக்கலாம். ஒருவரின் விரைவு தெளிவிலிருந்தும் பிறக்கலாம், வெறும் ஆசையின் கொதிப்பிலிருந்தும் பிறக்கலாம். வெளியே பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாடு அவரவர் நெஞ்சுக்கு மட்டுமே தெரியும்.

நிதானத்தின் மேன்மைக்குச் சிரகாரியின் கதை சான்று. மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் பீஷ்மர் தருமபுத்திரருக்கு உரைத்தது அது. எதையும் நெடுநேரம் எண்ணியே செய்யும் இயல்பினன் ஆதலால் அவனைச் சோம்பேறி என்று உலகம் இகழ்ந்தது. ஒருநாள் தந்தை கௌதமர் கடுஞ்சினத்தில், தாயைக் கொன்றுவிடுமாறு அவனுக்குக் கட்டளையிட்டுவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டார். தந்தை சொல்லைக் காப்பதா, தாயைக் காப்பதா என்று அவன் எண்ணிக்கொண்டே இருந்தான். சினம் தணிந்து, செய்த கட்டளையை நினைத்துப் பதறி ஓடிவந்த தந்தை, மனைவி உயிரோடிருப்பதைக் கண்டு மகனின் தாமதத்தை வாயார வாழ்த்தினார்.

ஆனால், கடற்கரையில் விபீஷணனை நெடுங்காலம் நிறுத்தி வைத்திருக்க இயலுமா? காலம் தாழ்த்துவதே அங்கு மறுப்பாகிவிடும். ஆகவே நிதானமே நன்று என்றோ விரைவே நன்று என்றோ பொதுவிதி இல்லை. காரியத்தின் தன்மையை அறிந்து, தன்னியல்பை அதற்கேற்பச் செலுத்துவதே விவேகம்.

அம்பாசமுத்திரத்தில் வாழும் ஒரு முதிய தம்பதியரைக் கருதிப் பார்க்கலாம். இத்தகைய இல்லங்கள் இன்று பல. வெளியூரிலிருக்கும் மகன், வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்து இருக்குமாறு அழைக்கிறான். விடியற்காலையில் தாமிரபரணியில் நீராடிக் காசிபநாதரைத் தொழுது வரும் பெரியவர், ஆண்டுக்கணக்கில் "பார்க்கலாம்" என்றே விடை சொல்லி வருகிறார். "இன்னும் எத்தனை நாள்தான் யோசிப்பீங்க? வர்றோம்னு சொல்லிருங்க" என்கிறார் மனைவி. தமது தயக்கத்தைப் பெரியவர் நிதானம் என்று நம்புகிறார். அதில் புது இடத்தைப் பற்றிய அச்சமும் கலந்திருக்கக் கூடும். தமது விரைவை அம்மையார் துணிவு என்று நம்புகிறார். அது பேரக்குழந்தையின் முகம் காணும் ஏக்கமாகவும் இருக்கக் கூடும். அச்சமும் பிழையன்று, ஏக்கமும் பிழையன்று. அவற்றுக்கு வேறு பெயர் சூட்டி, அப்பெயருக்காக வாதாடுவதே பிழை. "எனக்குப் பயமாக இருக்கிறது", "எனக்குப் பிள்ளையைப் பார்க்க வேண்டும்" என்று இருவரும் வாய்திறந்து சொல்லிவிட்டால் வழி தானே தென்படும். வீட்டை விற்காமல் பூட்டி வைத்து, ஒரு கார்ப் பருவம் மகனோடு இருந்து பார்த்து, பிசான நடவுக்குத் திரும்பி வந்து முடிவு செய்யலாம். அம்மையாரின் விரைவு பயணத்தைத் தொடங்கி வைக்கும். பெரியவரின் நிதானம் விற்பனையைத் தள்ளி வைக்கும். இரண்டும் வேண்டியவையே.

ஸ்ரீராமபிரான் செய்ததும் இதுவே. அடைக்கலம் என்று வந்தவனைக் கைவிடுவதில்லை என்ற தம் விரதத்தைச் சொல்லி முடிவெடுத்த பின், விபீஷணனை அழைத்து வரும் பணியைச் சுக்கிரீவனிடமே தந்தார். மிகுதியாக ஐயுற்றவனை ஒதுக்கவில்லை. அவனையே முடிவில் பங்குகொள்ளச் செய்தார்.

தன்னியல்பு அறிந்தவர் அதனை அடக்கவும் வல்லவராவர். கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவிப் பகுதிகளை வளப்படுத்தும் கன்னடியன் கால்வாயைப் பற்றி ஒரு செவிவழிக் கதை உண்டு. பெரும்பொருள் பெற்ற கன்னட நாட்டு இளைஞர் ஒருவர் அதை அறத்துக்குச் செலவிட விரும்பினார். எந்த அறம் என்று தாமே துணியாமல் பொதிகையில் அகத்திய முனிவரை நாடினார். முனிவர் பணித்தபடி ஒரு பசுவின் பின்னே நடந்தார். பசு சென்ற வழி கால்வாயாயிற்று; படுத்த இடம் குளமாயிற்று என்பர். கையில் பொருளும் உடலில் இளமையும் இருந்தும், தம் வேகத்தை அவர் பசுவின் நடைக்கு ஒப்படைத்தார். அவர் வெட்டியதாகச் சொல்லும் கால்வாய் இன்றும் வயல்களுக்கு நீர் தருகிறது.

ஆகவே, பெரிய முடிவு ஒன்று எதிர்ப்படும்போது சன்னதியில் சற்று நேரம் கூடுதலாக நிற்கலாம். "இதைச் செய்யட்டுமா?" என்று இறைவனைக் கேட்பதற்கு முன், "இதை விரும்புவது என்னுள் எது?" என்று தன்னைக் கேட்டுக்கொள்வது நன்று. அதன்பின் வேறு இயல்புடைய ஒருவரின் சொல்லையும் பொறுமையுடன் கேட்க வேண்டும். பெரும்பாலும் அவர் அதே வீட்டிலேயே இருப்பார்.