அரை மணிக்கு அஞ்சு ரூபாய்

ஆந்திரப் புத்தூரில் அந்த வீடியோ கேம் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தையல்கடைக்குப் பின்பக்கம், கதவு இருக்க வேண்டிய இடத்தில் பழைய போர்வை ஒன்று தொங்கும். உள்ளே மூன்று டிவி, ஒரு டேபிள் ஃபேன், தரையில் பாய். அரை மணிக்கு அஞ்சு ரூபாய். வடமாலபேட்டைப் பையன்கள் நாங்கள் பஸ் ஏறித்தான் அங்கே போக வேண்டும். மெட்ராஸுக்கும் திருப்பதிக்கும் ஓடுகிற பஸ்ஸெல்லாம் எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டுதான் போகும், பாதி நிற்காது. நிற்கிற பஸ்ஸுக்காக ரோட்டோரம் வெயிலில் நின்றதையும் அந்த அஞ்சு ரூபாயோடு சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

கடைக்கார அண்ணன் தெலுங்குக்காரர். எங்களோடு தமிழில்தான் பேசுவார். நேரம் முடிந்தால் மட்டும் வாயில் தெலுங்கு வந்துவிடும். "டைம் அயிப்போயிந்திரா!" கை சுவிட்சில் இருக்கும். கான்ட்ரா ஆட்டத்தில் கடைசிக் கட்டத்தில் நின்றாலும் சரி, ஒரே ஒரு உயிர் பாக்கி இருந்தாலும் சரி. "அண்ணா, ரெண்டே நிமிஷம்ணா" என்று கெஞ்சி முடிப்பதற்குள் திரை புள்ளியாகச் சுருங்கியிருக்கும்.

டிவியோடு இணைத்திருந்த பெட்டிகள் ஜப்பானில் நின்டெண்டோ 1983இல் 14,800 யென்னுக்கு விற்ற ஃபேமிகாமின் நகல்கள். மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று என்னென்னவோ பெயரில் வந்தன. கேசட்டின் மேல் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். உள்ளே பத்துப் பன்னிரண்டு ஆட்டம்தான், அதுவே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். படம் கலங்கினால் கேசட்டைக் கழற்றி வாயால் ஊதிச் சொருகுவோம். ஊதியதால்தான் சரியாயிற்றா என்று யாரும் ஆராயவில்லை.

அப்பாவுக்கு ரோட்டில் மளிகைக்கடை. எதையும் எடைபோட்டு, அளந்து பேசுகிற மனிதர். விஷயம் தெரிந்ததும் அடிக்கவில்லை, திட்டவில்லை. "அஞ்சு ரூபாய்க்கு அரை மணி நேரமா? அதே காசுக்குத் தியேட்டர்ல ரெண்டரை மணி நேரம் ரஜினி வரார்டா" என்றார். ஒரு பொழுதுபோக்கை மணிக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்க்கலாம் என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. இன்றைக்கும் அந்தப் பழக்கம் விடவில்லை.

அதே அஞ்சு ரூபாய் பல வருஷம் கழித்து ஒரு அரசாணையில் திரும்பி வந்தது. 2021 ஏப்ரலில் ஆந்திர அரசு சினிமா டிக்கெட் விலையைக் கட்டுப்படுத்தியபோது, ஏசி இல்லாத கிராமத்துத் தியேட்டருக்குக் கடைசி வகுப்பு 5 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். டீ பத்து ரூபாய்க்கு விற்கிற காலம். சினிமாக்காரர்கள் கொதித்தார்கள், 2022 மார்ச்சில் வேறு ஆணை வந்து குறைந்தபட்சம் 20 ரூபாய் ஆயிற்று. அப்பா இருந்திருந்தால் வகுத்துப் பார்த்து மகிழ்ந்திருப்பார். ஆனால் சினிமாப் பைத்தியத்தில் டிக்கெட்தான் மிகச் சின்னச் செலவு. கட்அவுட்டுக்குப் பாலும் மாலையும் பட்டாசும் வாங்கின காசை எந்த ரசிகர் மன்றத்திலும் எழுதிவைத்ததாக நான் பார்க்கவில்லை.

எழுதிவைக்காத செலவு என்றால் எனக்குச் சின்ன மாமாதான். பந்தயச் சேவல் வளர்த்தார். பிள்ளைகளுக்குக் கிடைக்காத பாதாம் அதற்கு ஊறும். அவித்த முட்டை, கேழ்வரகு, காலையில் நீச்சல். கோதாவரிப் பக்கம் சங்கராந்திக்கு நடக்கிற பந்தயத்தோடு ஒப்பிட்டால் இவருடையது வெறும் ஆசைதான். அத்தையைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள். 1960ஆம் வருஷத்து விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது என்று மாமாவுக்குத் தெரியும். போலீசுக்கும் தெரியும்.

எங்கள் பக்கம் சேவலைவிடக் காளைதான் பெரிது. சந்திரகிரி பக்கத்து ரங்கம்பேட்டையில் பொங்கலை ஒட்டிக் காளைகளின் கொம்பில் பலகை கட்டி ஓட விடுவார்கள். பலகையில் சாமி படம் இருக்கும், நடிகர் படமும் இருக்கும். பிடுங்கியவனுக்குப் பலகை. அந்தச் சில நிமிஷ ஓட்டத்துக்காக வருஷம் முழுக்கப் பருத்திக்கொட்டையும் தவிடும் போடுகிறான் ஒருவன். அப்பாவின் வகுத்தலை அங்கே போட்டால், உலகத்திலேயே விலை கூடிய பொழுதுபோக்கு அதுதான். யாரும் அவனைப் பார்த்து 'பணத்தைக் கரியாக்குகிறான்' என்று சொல்வதில்லை. டிவி முன்னால் உட்கார்ந்தவனைத்தான் சொல்கிறோம்.

சதுரங்கமும் அப்படித்தான். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனபோது, தெலுங்குப் பிள்ளை என்று சந்திரபாபு நாயுடுவும் சென்னைப் பிள்ளை என்று ஸ்டாலினும் வாழ்த்தினார்கள். இரண்டு பக்கமும் கால் வைத்திருக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் போட்டி நல்ல வேடிக்கை. பலகையும் காயும் இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும். காது மூக்கு தொண்டை மருத்துவரான அவருடைய அப்பா மகனோடு போட்டி போட்டியாகப் போவதற்காகத் தொழிலையே நிறுத்திவைத்தாரே, அதற்கு எந்தக் கடையில் விலை கேட்பது?

அக்கா மகன் பிளேஸ்டேஷன் கேட்டபோது அக்கா என்னைக் கூப்பிட்டுத் திட்டச் சொன்னாள். எனக்குத் திட்ட வரவில்லை, பேப்பரும் பேனாவும் எடுத்தேன். பிஎஸ்5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் வந்தபோது விலை 49,990. அடுத்த வருஷமே 54,990 ஆக்கினார்கள். பழைய விலையையே வைத்துக்கொள்வோம். தினம் ஒரு மணி நேரம் என்று ஐந்து வருஷம் ஆடினால் 1,825 மணி நேரம். மணிக்கு 27 ரூபாய் சொச்சம். வருஷத்துக்கு இரண்டு ஆட்டம், ஒன்று 4,999 என்றால் அது இரட்டிப்பாகி 55 ரூபாய்க்குப் பக்கம் வருகிறது. கரண்ட்டு, ஆன்லைனில் ஆடச் சந்தா எல்லாம் போட்டாலும் திருப்பதியில் ஏசி தியேட்டருக்குப் போய்ப் பாப்கார்ன் வாங்குவதைவிட மலிவு. "பாத்தியா மாமா!" என்றான். அக்கா முறைத்தாள். ஆனால் கணக்கு சரி. ஒரே தடவை விலை கொடுத்து வாங்குகிற வீடியோ கேமைப் போல மலிவான பொழுதுபோக்கு, லைப்ரரிப் புத்தகத்தையும் தெரு கிரிக்கெட்டையும் விட்டால், அதிகம் இல்லை.

என் பயம் பெட்டியின் மேல் இல்லை, காசே கேட்காத ஆட்டத்தின் மேல். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. நகரி, புத்தூர் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் கையிலும் நெட் வந்தது. பப்ஜி இலவசம். 2020 செப்டம்பர் 2ஆம் தேதி அதைத் தடை செய்தார்கள். 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்று வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தது. 2022 ஜூலையில் மறுபடி காணாமல் போய், 2023இல் திரும்பியது. ஆட்டம் இலவசம்தான். துப்பாக்கிக்குப் பெயிண்ட், ஆளுக்கு உடுப்பு எல்லாம் யூசி என்கிற ஆட்டக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அதையும் நேராக வாங்க விடமாட்டான். பெட்டி ஒன்றைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்பது அதிர்ஷ்டம். இந்த மாதிரிப் பெட்டி சூதாட்டம்தான் என்று பெல்ஜியம் 2018லேயே சொல்லிவிட்டது.

சூதாட்டம் என்றால் சின்ன மாமா மறுபடி வருவார், சேவலோடு சீட்டும் ஆடியவர். ரம்மி திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968இல் சொன்னது எங்கள் மாநிலத்து வழக்கில்தான், செகந்திராபாத் கிளப் ஒன்றைப் போலீஸ் பிடித்த வழக்கு. அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் பிற்பாடு ரம்மி ஆப்கள் பிழைத்தன. ஆந்திரா தன் 1974ஆம் வருஷத்துச் சூதாட்டச் சட்டத்தில் 2020இல் ஆன்லைனையும் சேர்த்தது. தமிழ்நாடு 2022இல் தனிச் சட்டம் போட்டது; 2025இல் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பூட்டு என்றது. சீனாவில் 2021 முதல் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறும் விடுமுறையும்தான், அதுவும் இரவு எட்டிலிருந்து ஒன்பது வரை. தென் கொரியா 2011இல் ராத்திரிப் பூட்டுப் போட்டுப் பார்த்து, பத்து வருஷத்தில் தானே கழற்றிவிட்டது. இத்தனை அரசாங்கங்களும் செய்து பார்ப்பது என்ன? போர்வைக்குப் பின்னாலிருந்து புத்தூர்க் கடைக்கார அண்ணன் சுவிட்சில் கை வைத்துப் போட்ட சத்தத்தைத்தான். அவர் அதற்குச் சம்பளம்கூட வாங்கவில்லை. அடுத்த பையன் அஞ்சு ரூபாயோடு வாசலில் நின்றான், அவ்வளவுதான் காரணம். இலவச ஆட்டத்துக்கு வாசலில் யாரும் காத்திருக்கவில்லை. அதனால் அதை நிறுத்தச் சொல்லவும் ஆளில்லை.

2025 ஆகஸ்டில் மத்திய அரசு பணம் வைத்துப் பணம் எதிர்பார்க்கும் ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுக்கத் தடை செய்யச் சட்டம் போட்டது. யூசி விற்பனை நடந்துகொண்டுதான் இருக்கிறது. வீட்டில் பிள்ளை இருக்கிறவர்கள் பெட்டி வாங்குவதென்றால் தாராளமாக வாங்குங்கள். டிஸ்க் கடன் கேட்டு வருகிற அடுத்த வீட்டுப் பையனுக்கும் சேர்த்து இரண்டு கன்ட்ரோலராக வாங்குங்கள். உங்கள் போனில் பிள்ளை ஆடுகிறதென்றால், இன்று ராத்திரியே அதில் பதிந்துவைத்திருக்கிற கார்டு எண்ணை எடுத்துவிடுங்கள், யுபிஐ பின்னையும் மாற்றிவிடுங்கள்.