மெலிந்த பெட்டைக் கோழிக்கு ஒரு நாட்குறிப்பு

முதல் நாள், காலை

கோழியின் மெலிவு கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். நோய்ப்பட்ட பெட்டை உடற்சூட்டைக் காத்துக்கொள்ள இறகைச் சிலிர்த்து உட்காரும். பார்ப்பவருக்கு அது முன்னைவிடப் பருத்துவிட்டதாகவே தோன்றும். இறகுக்கு அடியில் விரலை விட்டு மார்பெலும்பைத் தடவினால் நிலைமை விளங்கும். இருபுறமும் சதை நிரம்பியிருந்தால் நல்ல உடம்பு. எலும்பு கத்திபோல் துருத்திப் பக்கங்கள் குழிந்திருந்தால், உடம்பு கரையத் தொடங்கி வெகுநாளாகிவிட்டது. மார்பு வற்றி வயிறு மட்டும் உப்பியிருப்பதும் உண்டு. அது கொழுப்பன்று, முட்டைப்பாதைக் கோளாறாக இருக்கலாம், மருத்துவர் பார்க்கவேண்டியது.

அடுத்தது எடை. வளர்ந்த கம்பத்துப் பெட்டை பெரும்பாலும் ஒன்றேகால் கிலோவிலிருந்து ஒன்றரை கிலோவரை இருக்கும். சமையலறைத் தராசில் வாளியை வைத்து, அதற்குள் கோழியை இறக்கி, தினமும் காலையில் இரை போடுமுன் நிறுக்கவேண்டும். அந்த எண்தான் குறிப்பேட்டின் முதல் வரி. அடைகாத்து எழுந்த பெட்டையும் மெலிந்தே இருக்கும். 21 நாளும் அரைவயிற்றோடு கிடந்த மெலிவு அது; நன்றாகத் தின்னத் தொடங்கினால் தானே தேறிவிடும்.

முதல் நாள், மாலை

முதலில் சூடு, பிறகு தண்ணீர், அதன்பின்தான் தீனி. கோழியின் இயல்பான உடற்சூடு 41 முதல் 42 டிகிரி செல்சியஸ். சில்லிட்ட கோழிக்குச் செரிமானம் மந்தமாகிவிடும். அந்நிலையில் ஊட்டிய தீனி இரைப்பையிலேயே கிடந்து புளிக்கும். ஈப்போவின் பகல் வெயிலை நம்பி இருந்துவிடக் கூடாது. மாலை மழைக்குப் பிறகு சிமெந்துத் தரை குளிர்ந்துபோகும். ஓர் அட்டைப்பெட்டி, அடியில் பழைய துண்டு, மேலே செய்தித்தாள், ஒரு மூலையில் மட்டும் குண்டு விளக்கு: இவ்வளவு போதும். சூடு அதிகமானால் கோழி மறுமூலைக்கு நகர இடம் இருக்கவேண்டும். அது வாய் திறந்து மூச்சிரைத்தால் விளக்கைத் தள்ளி வைக்கவேண்டும். லாலாங் புல்லைப் பரப்புவது வேண்டாம். நீள நாரைத் தின்று இரைப்பை அடைத்துக்கொள்ளும்.

தண்ணீரைத் தொண்டைக்குள் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருப்பதால் நீர் நேரே நுரையீரலுக்குப் போகும். அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டால் கோழி தானே விழுங்கும். முதல் சில மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். பிறகு வெறும் தண்ணீரே நல்லது.

இரண்டாம் நாள்

செய்தித்தாள் விரித்ததன் பயன் இன்று தெரியும். பழுப்புப் பச்சையாக, மேலே வெள்ளை படிந்த எச்சம் இயல்பானது. இடையிடையே விழும் பசைபோன்ற பழுப்பு எச்சமும் நோயல்ல. பளிச்சென்ற பச்சை, கோழி பட்டினி கிடப்பதைச் சொல்லும். இரத்தம் கலந்திருந்தால் இரத்தக்கழிச்சல் என்று ஐயுறவேண்டும்.

ரப்பர்த் தோட்ட வாழ்க்கை போனதும் கோழியின் நோயும் மாறியது. பால்மரக் காட்டில் நாள் முழுதும் திரிந்த லயத்துக் கோழியின் எச்சம் பரந்த நிலத்தில் சிதறிக் காய்ந்தது. ரப்பர் அழிந்து செம்பனை வந்து, மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பின், சுங்கை சிப்புட்டிலும் கோலகங்சாரிலும் கோழி நிற்பது வீட்டுப் பின்புறத்துச் சிறு துண்டு நிலத்தில். தீபகற்பத்திலேயே அதிக மழை பெறும் தைப்பிங்கும் இதே பேராக் மாநிலத்தில்தான் இருக்கிறது. ஈரமான அதே மண்ணில் எச்சம் சேரச் சேர, உருண்டைப்புழு முட்டைகளும் இரத்தக்கழிச்சல் கிருமிகளும் பெருகி, கொத்தும் இரையோடு திரும்ப உள்ளே போகின்றன. கொண்டை வெளுத்திருப்பது இரத்தம் குறைந்ததன் அடையாளம். அதற்குக் குடற்புழு மட்டும் காரணமல்ல. சிவப்புச் செள் பகலில் பலகை இடுக்கில் ஒளிந்து, இரவில் வந்து இரத்தம் குடிக்கும்; இருட்டியபின் டார்ச் அடித்துப் பார்த்தால்தான் அகப்படும். செம்பனைக்கு இடையே வைக்கும் எலி மருந்தைக் கொத்தும் கோழியும் உள்ளுக்குள் இரத்தம் கசிந்து சோரும்.

கழுத்து முறுக்கிக்கொள்வது, கால் இழுப்பது, ஒரே நாளில் பல கோழிகள் சாவது ஆகியவை வீட்டு வைத்தியத்துக்கு உரியவை அல்ல. 2006 மார்ச்சில் பேராக்கிலும் எச்5என்1 பறவைக் காய்ச்சல் கண்டது. அப்படிச் சாகும் கோழியை அறுக்காமல், ஆற்றில் வீசாமல், கால்நடைச் சேவைத் துறைக்கு உடனே சொல்லவேண்டும்.

முதல் வாரம்

மெலிந்த கோழிக்குச் சோற்றை மட்டும் போடுவது பரிவான பழக்கம்தான், ஆனால் வயிறு நிரம்புமே தவிரச் சதை பிடிக்காது. வளரும் கோழிக்கான தூள் தீவனத்தை வெந்நீரில் குழைத்து, அவித்த முட்டையின் மஞ்சள்கருவைப் பிசைந்து, சிறு சிறு அளவாகப் பலமுறை கொடுக்கவேண்டும். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து ஏறக்குறைய 4 விழுக்காடு இருப்பதால், முட்டை நிறுத்திவிட்ட கோழியின் சிறுநீரகத்துக்கு அது சுமை. விடியலில் இரைப்பை காலியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்த பிறகே அடுத்த வேளை.

எடை உடனே ஏறாது. இறங்காமல் நின்றாலே அது முதல் வெற்றி. புழு மருந்தில் அவசரம் கூடாது; நலிந்த கோழியின் குடலில் திரண்டிருக்கும் புழுக்கள் ஒரேயடியாகச் செத்தால் குடலையே அடைத்துவிடக்கூடும். கோழி சற்றுத் தேறியபின், எடையைச் சொல்லி மருத்துவரிடம் அளவு கேட்பது பாதுகாப்பானது. மஞ்சளும் வேப்பிலையும் மருந்துக்குத் துணை நிற்கலாம், மருந்தின் இடத்தைப் பிடிக்க முடியாது.

மூன்றாம் வாரம்

தேறிய பெட்டையைத் திடீரென்று கூட்டத்தில் விட்டால் மற்றவை கொத்தியே மறுபடி படுக்க வைத்துவிடும். சில நாள் கம்பிவலைக்கு அப்பால் கண்ணில் படும்படி வைத்து, பிறகு அந்தி நேரத்தில் கூண்டில் சேர்ப்பது நல்லது. அதற்குமுன் கூண்டின் மேல்மண்ணை வாரி எறிந்து, பலகை இடுக்குகளைக் கழுவிக் காயவிடவேண்டும்.

வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி நலமான கோழிகளுக்கே உரியது; நோயாளிக்கு அல்ல. 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசலிலும் அறியப்பட்ட அந்நோய்க்கு இன்றுவரை மருந்தில்லை. வெப்பம் தாங்கும் வி4 தடுப்பு மருந்தைத் தீனியோடு கலந்து கம்பத்துக் கோழிக்குக் கொடுக்கும் முறையை, 1980களில் செர்டாங் வேளாண் பல்கலைக்கழகம் ஆஸ்திரேலிய அறிஞர்களுடன் சேர்ந்து உருவாக்கியது. 1948 முதல் இயங்கிவரும் கால்நடை ஆராய்ச்சிக் கழகம் ஈப்போவிலேயே இருக்கிறது. நோய்க்கூறு ஆய்வுக்குப் பேராக் மக்கள் வெகுதூரம் போகவேண்டியதில்லை.

மருந்து உண்ட கோழியின் முட்டையில் அம்மருந்து சில நாள் தங்கும். எத்தனை நாள் என்பது மருந்துக்கு மருந்து மாறும். மருத்துவரிடம் கேட்டு, அந்தத் தேதியைக் குறிப்பேட்டில் எழுதி, அதுவரை இடும் முட்டைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.