நானூறு எப்படி இருநூறு ஆயிற்று

சுனாபட்டி என்றால் சுண்ணாம்புக் காளவாய். சுண்ணாம்பு இப்போது பெயரில்தான் மிச்சம். மும்பை ஹார்பர் லைனில், சி.எஸ்.எம்.டி. பக்கமிருந்து போனால் குர்லாவுக்கு முந்தைய ஸ்டேஷன். தாராவியிலும் செம்பூரிலும் இருப்பதைப்போல இங்கும் திருநெல்வேலிப் பேச்சு காதில் விழும். 1999இல் இங்குள்ள ஒரு சாலில், ஒற்றை அறையில், அப்பா அம்மாவோடு இருந்தார் அந்த இளைஞர். வேலை அந்தேரியில், 1973இல் தொடங்கப்பட்ட சீப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில். "கம்ப்யூட்டரில் என்ன செய்கிறாய்?" என்று கேட்பவர்களுக்கு அவரால் ஒரு வரியில் பதில் சொல்ல முடிந்ததில்லை.

அவர் கையாண்டது அவரைவிட வயதில் மூத்த ஒரு சரக்கு. அப்பல்லோ விண்கலத்தின் லட்சக்கணக்கான உதிரிபாகங்களுக்குக் கணக்கு வைக்க, அதைக் கட்டிய நிறுவனத்தோடும் கேட்டர்பில்லரோடும் சேர்ந்து ஐ.பி.எம். 1966இல் உருவாக்கத் தொடங்கிய ஐ.எம்.எஸ். என்ற டேட்டாபேஸ். 1968இல் அது ஓடத் தொடங்கியது. நிலவுக்குப் போனவர்கள் திரும்பி வந்த பிறகும் அமெரிக்க வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் அதை விடவில்லை. பெரிய வங்கிகளில் இன்றும் ஓடுகிறது.

அதன் அமைப்பைப் புரிந்துகொள்ள அவருடைய சாலே போதும். கட்டடம், அதற்குள் மாடி, மாடியில் அறை, அறைக்குள் ஆட்கள். கட்டட எண்ணும் அறை எண்ணும் தெரிந்தால் நேரே போய்க் கதவைத் தட்டலாம். "ஊருக்கு மாதாமாதம் மணியார்டர் அனுப்புகிறவர்" என்று மட்டும் தெரிந்தால் ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டியதுதான். அல்லது, கீழே மளிகைக் கடை வைத்திருக்கும் நாடாரைக் கேட்க வேண்டும். அவருடைய பற்று நோட்டுதான் இரண்டாம் இண்டெக்ஸ்.

இந்த அடுக்கு முறையை, புதிய மென்பொருள்களுக்குப் புரியும் அட்டவணைகளாகக் காட்டுவது அவர் வேலை. இதில் புதியவர்கள் வழக்கமாக இடறும் இடம் ஒன்று உண்டு. 'இந்தப் புலத்துக்கு இண்டெக்ஸ் உண்டு' என்று வரைபடத்தில் எழுதிவிட்டால் மெயின்பிரேமில் இண்டெக்ஸ் முளைத்துவிடாது. ஏற்கெனவே இருப்பதைத்தான் சொல்லலாம். இல்லாததை எழுதினால், கடை மூடிய பிறகு நாடாரைத் தேடிப் போன கதை. இன்னொரு விஷயம், அடுக்கில் கீழே இருக்கும் பதிவுக்குத் தன் தகப்பன் யாரென்று தெரியாது. அது இருக்கும் இடம்தான் அடையாளம். அட்டவணைக்கு மாற்றும்போது தகப்பனின் சாவியை ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒட்ட வேண்டும். இனிஷியலோடு பிறந்த தமிழருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சொல்லித்தர வேண்டியது புல வகைகளைப் பற்றி. ஐ.எம்.எஸ்., தேடுவதற்கு வேண்டிய சில புலங்களை மட்டுமே அறியும். மற்றபடி பதிவு என்பது அதற்கு வெறும் பைட்டுகளின் வரிசை. எந்த பைட்டில் பெயர், எதில் பணம் என்பது கோபால் நிரலுக்குத்தான் தெரியும். பணத்தை அங்கே 'காம்ப்-3' என்ற முறையில் ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கமாக அடைத்து வைப்பார்கள். கடைசி அரை பைட்டில் கூட்டல் அல்லது கழித்தல் குறி. ஒன்பது இலக்கம் ஐந்து பைட்டில் அடங்கிவிடும். தசமப் புள்ளி எங்கும் இருக்காது. இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பழைய ஓய்வூதியத் திட்டத்தின் தொகைப் புலத்தை எண் என்று குறிப்பதற்குப் பதிலாக எழுத்து என்று குறித்துவிட்டார் அவர். எழுத்து என்றால், மெயின்பிரேமின் எப்சிடிக் குறியீட்டிலிருந்து ஆஸ்கிக்கு மாற்றிவிட்டுத்தான் அனுப்புவார்கள். பெரும்பாலான தொகைகள் இதில் எண்ணாகவே படிக்க முடியாத குப்பையாகி நிராகரிக்கப்பட்டன. "பழைய டேட்டா, கெட்டுப்போயிருக்கும்" என்று எல்லோரும் அதை ஒதுக்கி வைத்தார்கள். 2000 பிறக்க மாதங்களே இருந்தன, யாருக்கும் நேரமில்லை.

அவருக்கு உறுத்தியது நிராகரிக்கப்பட்டவை அல்ல, தேறியவை. ஒரு ராத்திரி அவற்றில் ஒன்றை எடுத்துப் பச்சை எழுத்துத் திரையோடு ஒப்பிட்டார். அங்கே மாதம் 400 டாலர். இங்கே 200. எப்சிடிக்கில் 40 என்ற குறியீடு வெற்றிடம். அதுவே ஆஸ்கியில் 20. தொகையின் நடுவில் இருந்த 40ஐ வெற்றிடம் என்று எண்ணி 20 ஆக்கியிருந்தது இயந்திரம். அக்கம்பக்கத்து பைட்டுகள் மாறவில்லை, குறியும் மாறவில்லை. எந்தச் சோதனையிலும் அது பிழையாகத் தெரியாது. பார்த்தால் நல்ல, முழுமையான, நம்பத்தக்க இருநூறு.

ஒரு எழுத்தை மாற்றிவிட்டு மறுநாள் மீண்டும் ஓட்டினால் முடிந்தது. குழுத் தலைவரும் அதைத்தான் சொன்னார். "சரி பண்ணிட்டுப் போப்பா. லெட்டர் எல்லாம் எதுக்கு?" ஆனால் முந்தைய வாரமே ஒரு பிரதி வாடிக்கையாளரிடம் போயிருந்தது. அதை அவர்கள் எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று சீப்ஸில் இருந்தவர்களால் சொல்ல முடியாது. தவறு தன்னுடையது, அந்தப் பிரதியைத் தொடவேண்டாம் என்று எழுதி அனுப்பினார். அடுத்த மாதம் அமெரிக்கா போகிறவர்களின் பட்டியலில் அவர் பெயர் இல்லை. காரணம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

எழுதி அனுப்பிய அன்றிரவு குர்லாவரை பஸ், அங்கிருந்து ஒரே ஸ்டேஷன். வீட்டில் அப்பா விழித்திருந்தார். 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய மில் வேலைநிறுத்தத்தில் தறி ஓட்டும் வேலையை இழந்தவர். வரவேண்டிய பாக்கியை நோட்டில் எழுதிவைத்து, அவ்வப்போது எடுத்துக் கூட்டிப் பார்ப்பார்.

"என்னல இவ்வளவு நேரம்?"

"ஒரு கணக்கு தப்பாப் போச்சுப்பா. நானூறு வரவேண்டிய ஆளுக்கு இருநூறுன்னு காட்டிச்சு."

"யாரு அந்த ஆளு?"

பெயர் அந்தப் பதிவில் இல்லை. ஒரு பாலிசி எண், பிறந்த ஆண்டு 11, அவ்வளவுதான். அதைச் சொன்னார்.

"எண்பத்தெட்டு வயசு" என்றார் அப்பா. எழுந்துபோய்ச் சோற்றுத் தட்டை எடுத்து வைத்தார்.