எந்த மதுரை?

கண்புரை அறுவைக்குப் பிறகு எனக்குச் சின்ன எழுத்து சிரமம். பழைய தமிழ் நூல்களை 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தளத்தில்தான் படிக்கிறேன். பொங்கலுக்குக் குடுமியான்மலை வந்த பேத்தி, உலாவியில் ஒரு நீட்சியைப் போட்டு, அந்தத் தளத்தின் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கும் சின்ன நிரல் ஒன்றையும் எழுதிக் கொடுத்தாள். "இனிமே கண்ணாடியைத் தேட வேணாம் தாத்தா" என்றாள்.

நூல்கள் நன்றாகத் தெரிந்தன. ஆனால் மகள் இருக்கும் ஊராயிற்றே என்று காலையில் மதுரைச் செய்திகளைத் திறந்தால் மடிக்கணினி திணறும். நிரலை நிறுத்தினால் பக்கம் உடனே வரும். காரணம் புரிந்தும் இரண்டு மாதம் வாய் திறக்கவில்லை. பிள்ளை ஆசையாகச் செய்ததைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

ஒரு நாள் நிரலையே திறந்து பார்த்தேன். எங்கே ஓடவேண்டும் என்பதற்கு ஒரே வரி: நட்சத்திரக்குறி, மதுரை, நட்சத்திரக்குறி. அதாவது முகவரியில் எந்த இடத்தில் 'மதுரை' வந்தாலும் உள்ளே நுழை! செய்திப் பக்கத்தின் முகவரியில் மதுரை இருக்கிறது. அதற்குள் இருக்கும் விளம்பரப் பெட்டிகள் ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி உண்டு. பலவற்றின் வாலில் தாய்ப்பக்கத்தின் முகவரியும் ஒட்டியிருக்கிறது. அங்கேயும் மதுரை. பொருத்தம் பார்க்கக் கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகாது. தவறாகப் பொருந்திய இடங்களிலெல்லாம் நிரல் வேலையைத் தொடங்குவதுதான் பாரம்.

அலுவலகத்தில் தபால் பிரிக்கும் மேசையில் இருந்தவன் நான். ந.க. எண்ணில் 'அ3' என்று கண்டதும் கடிதம் அந்த மேசைக்குப் போகும். முழுக் கடிதத்தையும் படித்து, 'ஓய்வூதியம்' என்ற சொல் வந்ததற்காகவே ஓய்வூதியப் பிரிவுக்கு அனுப்பினால் என்ன ஆகும்?

காரைக்கால் பிரெஞ்சுப் பள்ளியில் வாக்கியத்தை உறுப்பு உறுப்பாகப் பிரித்த பிறகுதான் பொருள் சொல்ல விடுவார்கள். அதுபோல முகவரியையும் பிரித்தேன்: முதலில் நெறிமுறை, அடுத்து தளப்பெயர், பிறகு பாதை. 'மேட்ச்' என்ற கட்டளை அப்படித்தான் பார்க்கிறது. தளப்பெயர் வேறு என்றால் அந்தப் பக்கத்தைத் தொடுவதில்லை. நட்சத்திர வரியை எடுத்துவிட்டு, மதுரைத் திட்டத்தின் தளப்பெயரை முழுதாக எழுதினேன். உள்பெட்டிகளுக்குள் போகாதே என்பதற்கும் ஒரு வரி உண்டு, அதையும் சேர்த்தேன்.

மறுநாள் காலை செய்திப் பக்கம் சட்டென்று வந்தது. பேத்திக்குப் போன் செய்து தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"ரெண்டு மாசமா தாத்தா? அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல!"

கோபமில்லை, வருத்தம்தான். நான் பயந்ததும் அந்த வருத்தத்துக்குத்தான். மறைத்ததால் அது இரட்டிப்பாயிற்று. பிறகு, "நீங்க எழுதுன வரியை அனுப்புங்க, நான் பாக்கணும்" என்றாள். அனுப்பினேன். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றவில்லை.