பதினோரு வருஷப் புது ஆள்

கிரேட்ஃபுல் டெட் என்று ஒரு அமெரிக்க ராக் கோஷ்டி. பெயரைத் தமிழ்ப்படுத்தினால் 'நன்றியுள்ள பிணம்' என்று வரும். தயவுசெய்து இதை விளக்கு வைக்கிற நேரத்தில் உரக்கச் சொல்லிப் பார்க்காதீர்கள். என் அம்மா ஒரு நாள், "காதுல மாட்டிக்கிட்டு அப்படி என்னதான்டா கேக்கறே?" என்றாள். பெயரை அர்த்தத்தோடு சொன்னேன். அன்றைக்கு வீடு முழுக்க சாம்பிராணிப் புகை.

1965-ல் கலிஃபோர்னியாவில், பாலோ ஆல்டோ என்ற ஊரில் ஆரம்பித்த கோஷ்டி இது. முப்பது வருஷத்தில் 2,300 கச்சேரிகளுக்கு மேல் வாசித்தார்கள். நேற்றுப் பாடிய வரிசையில் இன்றைக்குப் பாட மாட்டார்கள். ஒரு பாட்டு பாதியில் கரைந்து, எங்கேயோ சுற்றி, இன்னொரு பாட்டாக எழுந்து வரும். இந்த ரகத்துக்கு அமெரிக்காவில் ஜாம் பேண்ட் என்று பெயர். ரொட்டியில் தடவுகிற ஜாம் என்று நினைக்க வேண்டாம். டிராஃபிக் ஜாம் என்று வைத்துக்கொண்டால் ஓரளவு சரி. கிளம்பிய பிறகு எப்போது போய்ச் சேருவோம் என்பது டிரைவருக்கே தெரியாது.

இன்னொரு கூத்து. கச்சேரிக்கு வருகிறவர்கள் டேப் ரிக்கார்டர் கொண்டுவந்து பதிவு செய்துகொள்ளலாம். 1984-லிருந்து அதற்கென்றே அரங்கத்தில் தனி இடம், தனி டிக்கெட். காசு வாங்காமல் பிரதி எடுத்துக் கொடுத்துக்கொள்ளலாம். பி.காம். படித்தவன் என்ற முறையில் இதை எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சரக்கைச் சும்மா கொடுத்தவன் கடை திவாலாக வேண்டும். இவர்கள் கடையில் கூட்டம் வருஷா வருஷம் ஏறியது.

இத்தனை கச்சேரிகளில் எதைக் கேட்பது? நான் கேட்டுக்கொண்டிருப்பது 'விதவுட் எ நெட்'. 1989 அக்டோபரிலிருந்து 1990 ஏப்ரல் வரை நடந்த கச்சேரிகளிலிருந்து பொறுக்கி எடுத்து, 1990 செப்டம்பரில் இரண்டு சி.டி.க்களாக வெளியிட்டார்கள். தலைப்புக்கு 'வலை இல்லாமல்' என்று அர்த்தம். சர்க்கஸில் பார் விளையாடுகிறவர்களுக்குக் கீழே கட்டியிருப்பார்களே, அந்த வலை.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. பாட்டுகள் இருபதுகூடக் கிடையாது. முதல் தடவை ஒரு நண்பரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டேன். ஏழாவது நிமிஷத்தில் மெல்லக் கேட்டார்: "சுருதி சேர்த்து முடிச்சாச்சா சார்? பாட்டை எப்ப ஆரம்பிப்பாங்க?" பத்தாவது நிமிஷத்தில் அவருக்கு வீட்டில் அவசர வேலை வந்துவிட்டது.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். இது ஒரே மூச்சில் பிடித்துப்போகிற சமாசாரமில்லை. பழகவேண்டும். பழகினால் ஆட்களின் குரல் தனித்தனியாகக் கேட்க ஆரம்பிக்கும். கிட்டார் ஜெர்ரி கார்சியா. அப்போது 47 வயது. வலது கை நடுவிரலில் பெரும்பகுதி கிடையாது. சின்ன வயதில், அண்ணன் விறகு வெட்டும்போது போனது. 1986-ல் சர்க்கரை வியாதி முற்றி கோமாவில் படுத்து, எழுந்தபின் கிட்டாரைத் திரும்பக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. நாலு வருஷம் கழித்து இந்த வாசிப்பு. பேஸ் கிட்டார் ஃபில் லெஷ், வயது 50. டிரம்ஸுக்கு இரண்டு பேர். அதில் ஒருவரான மிக்கி ஹார்ட், 1991-ல் 'பிளானட் டிரம்' என்று தனி ஆல்பம் போட்டபோது கடம் வாசித்தவர் நம்ம விக்கு விநாயக்ராம். அந்த ஆல்பத்துக்கு கிராமி கிடைத்தது. ஆக, சாம்பிராணி போட்ட வீட்டுக்கும் இவர்களுக்கும் ஒன்றுவிட்ட சம்பந்தம் இருக்கிறது.

இரண்டாவது சி.டி.யில் 'ஐஸ் ஆஃப் தி வேர்ல்ட்'. 1973-ல் ஸ்டுடியோவில் பதிவானபோது சுமார் ஐந்து நிமிஷம். இங்கே கால் மணி நேரத்துக்கு மேல். 1990 மார்ச் 29, நியூயார்க் பக்கம் நசாவ் கொலிசியம் அரங்கம். பிரான்ஃபர்ட் மார்சாலிஸ் என்ற ஜாஸ் சாக்ஸஃபோன்காரர் விருந்தாளியாக வந்திருந்தார். ஒத்திகை எதுவும் இல்லை. முன்பாதியில் ஒரு பாட்டுக்கு வாசித்தார். விட்டார்களா? "பின்பாதிக்கும் இருங்க" என்று பிடித்து வைத்துக்கொண்டார்கள். பாட்டு புதுசு, ஆட்கள் புதுசு. கார்சியா ஒரு பிடியை வாசித்து நிறுத்த, மனுஷர் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மேலே போகிறார். தலைப்பில் சொன்ன வலை இல்லாத விளையாட்டு இதுதான் என்று அப்போது உறைத்தது.

நான் சொல்ல வந்தது அவரைப் பற்றி இல்லை. ஒரு ராத்திரி வந்தவருக்கு மாலை மரியாதை எல்லாம் கிடைத்துவிட்டது. இது கீபோர்டுக்காரரைப் பற்றி.

ப்ரெண்ட் மிட்லண்ட். 1979 ஏப்ரலில் சேர்ந்தார். அந்த நாற்காலி கொஞ்சம் ராசியில்லாத நாற்காலி. முதலில் உட்கார்ந்தவர் 1973-ல் இறந்தார். பின்னால் வந்த ஒருவர், கோஷ்டியை விட்டு விலகிய மறு வருஷம் கார் விபத்தில். மற்றவர்களைவிட ப்ரெண்ட் ஐந்து வயதாவது சின்னவர்; ஹேமண்ட் ஆர்கனும் கரகரத்த குரலுமாக வந்து உட்கார்ந்தார். பதினோரு வருஷம் வாசித்தார். பதினோரு வருஷமும் 'புது ஆள்' என்கிற நினைப்பு அவரை விடவில்லை என்று கூட இருந்தவர்களே பின்னால் சொல்லியிருக்கிறார்கள். பழைய ரசிகர்களும் அப்படியேதான் பார்த்தார்கள்.

ஆபீஸில் இருப்பவர்களுக்கு இது விளக்கம் சொல்லாமலே புரியும். எண்பத்தேழில் சேர்ந்த பேட்ச், தொண்ணூறில் சேர்ந்த பேட்ச் என்று ஒரு கூட்டம் இருக்கும். அவர்கள் சிரிக்கிற ஜோக் எல்லாம் நாம் சேருவதற்கு முன்னால் நடந்தது. நாமும் சேர்ந்து சிரித்து வைப்போம். நான் எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவன். ஒரு ஆபீஸுக்கு ஏழு வருஷமாகப் போய் வருகிறேன். வாசலில் செக்யூரிட்டி மூன்று பேர் மாறிவிட்டார்கள். மூன்று பேரும் ஒரே கேள்விதான்: "யாரைப் பாக்கணும் சார்?"

அதனால்தானோ என்னவோ, மூன்றாவது தடவை கேட்கும்போது கிட்டாரை விட்டுவிட்டு ஆர்கனை மட்டும் தொடர்ந்து போனேன். கார்சியா தனியாக ஏறும்போது அடியில் பாய் விரித்த மாதிரி ஒரு நாதம் இருக்கிறது. கிட்டார் தயங்குகிற இடத்தில் அது லேசாக ஒரு தள்ளு கொடுக்கும். கிட்டார் கிளம்பியதும் விலகிக்கொள்ளும். கோரஸில் எல்லாருடைய குரலுக்கும் மேலே நின்று சேர்த்துக் கட்டுவதும் இவர் குரல்தான். கீழே வலை இல்லை என்றார்களே, இருந்திருக்கிறது. அது கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது.

அப்படிப்பட்டவர் எழுதிய பாட்டு ஒன்றுகூட இந்த ஆல்பத்தில் இல்லை. முந்தின வருஷம் வந்த ஸ்டுடியோ ஆல்பத்தில் நாலு பாட்டு அவருடையது. இங்கே அவர் முன்னால் நின்று பாடுவது கடைசிப் பாட்டு மட்டும், அதுவும் அடுத்தவர் சொத்து. 'டியர் மிஸ்டர் ஃபேன்டஸி'. டிராஃபிக் என்ற ஆங்கிலேய கோஷ்டி 1967-ல் போட்டது. ஊரைக் குஷிப்படுத்துகிற வித்தைக்காரன் உள்ளே என்ன நிலையில் இருக்கிறான் என்பதுதான் பாட்டின் விஷயம். ப்ரெண்ட் அதைப் பாடுகிறார் என்று சொல்வது போதாது. தொண்டையிலிருந்து பிய்த்து எடுத்து மேடையில் வைக்கிறார்.

1990 ஜூலை 26 அன்று, போதை மருந்து அளவு மீறி, தன் வீட்டில் இறந்துபோனார். வயது 37. இரண்டு மாதத்துக்குள் ஆல்பம் வந்தது. அதில், 'கிளிஃப்டன் ஹேங்கருக்கு சமர்ப்பணம்' என்று போட்டார்கள். யார் அந்த ஹேங்கர் என்றால், ஓட்டல்களில் ரூம் எடுக்க ப்ரெண்ட் வைத்திருந்த புனைபெயர். சேர்த்துச் சொன்னால் கிளிஃப் ஹேங்கர். நம் தொடர்கதைகளில் கதாநாயகி மலை விளிம்பில் தொங்கும்போது எழுத்தாளர் 'தொடரும்' போட்டுவிட்டு காப்பி குடிக்கப் போவாரே, அது. மனுஷன் விளையாட்டாக வைத்துக்கொண்ட பெயர். நாற்காலி ரொம்ப நாள் காலியாக இருக்கவில்லை. ஆல்பம் வந்த அதே செப்டம்பரில் அடுத்த ஆள் வந்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார். 1995-ல் கார்சியா இறந்தபின் கோஷ்டி அந்தப் பெயரையே மூட்டை கட்டி வைத்தது.

அவருடைய அந்த நாலு பாட்டில் ஒன்று, தன் இரண்டு பெண் குழந்தைகளுக்காக அவர் சேர்ந்து எழுதிய தாலாட்டு. 'ஐ வில் டேக் யூ ஹோம்'. அதைத் தேடிப் பிடித்து, போன வாரம் என் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டேன். பாட்டு பாதி போவதற்குள் அவள் தூங்கிவிட்டாள். மனைவி வந்து, "அதான் தூங்கிட்டாளே, நிறுத்துங்களேன்" என்றாள். "இரு, முடியட்டும்" என்றேன்.