போர்க்காரோ அன்னையின் மோட்டார் சைக்கிள் திருவிழா

பிரான்சு நாட்டின் வரைபடத்தை விரித்துப் பார்ப்போர், அதன் மேற்கு மூலையில் அத்திலாந்திக்குப் பெருங்கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலப்பகுதியைக் காணலாம். அதுவே பிரித்தானி. கருங்கல் ஆலயங்களும், சாலைச் சந்திகள்தோறும் கற்சிலுவைகளும் நிறைந்த இம்மண்ணில் ஆழ வேரூன்றியவை 'பர்தோன்' எனப்படும் திருவிழாக்கள். 'பர்தோன்' என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்கு மன்னிப்பு என்பது பொருள். ஆண்டுக்கு ஒருமுறை பாவசங்கீர்த்தனம் செய்து, பரிபூரண பலன் பெற்று, புனிதரின் கொடியைத் தாங்கிப் பவனி செல்வது முன்னோர் வழக்கம்.

இப்பர்தோன்கள் மக்களின் தொழிலோடும் பிழைப்போடும் ஒட்டி வளர்ந்தவை. கர்னாக்கு என்னும் ஊரில் புனித கொர்னேலியுவின் திருநாளில் ஆடுமாடுகள் மந்திரிக்கப்படுவது மரபு. கடலோர ஊர்களில் மீன்பிடி படகுகள் அணிவகுக்கும். வழக்கறிஞர்களின் பாதுகாவலரான புனித ஈவோவின் விழாவுக்கு, திரெகியே நகரில் வழக்கறிஞர்கள் தங்கள் நீண்ட அங்கியோடு வந்து கூடுவர். காளையும் குதிரையும் படகும் ஆசி பெற்ற மண்ணில், மோட்டார் சைக்கிளும் ஆசி பெற வந்ததில் வியப்பென்ன?

அவ்விழா நடைபெறும் ஊர் போர்க்காரோ. ரென் நகருக்குத் தென்மேற்கே, மொர்பியான் மாவட்டத்தில், மக்கள்தொகை ஆயிரத்தையும் எட்டாத சிற்றூர். அருகே பழங்கதைகளில் மந்திரவாதி மெர்லின் வாழ்ந்ததாகக் கூறப்படும் புரோசெலியாந்துக் காடு பரந்து கிடக்கிறது. ஆலயம் ஒன்று, அதைச் சுற்றிக் கற்பலகைக் கூரை வேய்ந்த சில வீடுகள், அவற்றுக்கு அப்பால் வயல்கள், இவ்வளவே ஊர்.

கோடை விடுமுறைக் காலத்தில் அந்நாட்டுப் பங்கொன்றில் பணியாற்றச் சென்றிருந்தபோது இவ்விழாவைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. தேவ அன்னையின் விண்ணேற்புத் திருநாள் வார இறுதியோடு சேர்ந்து வந்த ஆண்டு அது. பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர் தம் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் நம்மை ஏற்றிச் செல்ல முன்வந்தார். புறப்படுமுன் தலைக்கவசத்தின் வாரை அவரே இழுத்துப் பார்த்தார். பின்னர்க் கையுறைகளை நீட்டினார். ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் கையுறை அணிய வேண்டும் என்பது அந்நாட்டில் 2016 முதல் சட்டம். "வளைவில் வண்டி சாயும்போது சுவாமியும் என்னோடு சாய வேண்டும், அஞ்சி எதிர்ப்பக்கம் சாய்ந்தால் இருவருக்கும் ஆபத்து" என்று அவர் கூறிய பாடத்தை முதல் பத்துக் கல் தொலைவுக்குள் நன்கு கற்றுக்கொண்டோம்.

இவ்விழாவைத் தொடங்கியவர் ஊரின் பங்குத் தந்தை லூயி பிரெவோத்தோ அடிகளார். அவரே மோட்டார் சைக்கிள் ஓட்டுவதில் பெருவிருப்பம் உடையவர். தோல் சட்டை அணிந்து இரைச்சலோடு விரையும் இளைஞரைக் கண்டு ஊரார் கதவடைத்த காலம் அது. அடிகளாரோ 1979-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று அவர்களை அன்னையின் பாதத்திற்கு அழைத்தார். முதலாண்டு வந்தோர் மிகச் சிலரே. இன்றோ பல்லாயிரவர் வருகின்றனர். மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் அன்னையை நாடுவது இத்தாலியிலும் உண்டு. அங்குக் கஸ்தெல்லாத்சோ பொர்மிதா ஊரின் அன்னையை, 1947-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் இவர்களுக்குப் பாதுகாவலியாக அறிவித்தார்.

நாம் சென்றடைந்தது திருநாளுக்கு முந்திய மாலை. அறுவடை முடிந்த வயல்களில் கூடாரங்கள் முளைத்திருந்தன. சங்கம் சங்கமாக வந்தவர்கள் தங்கள் சங்கத்தின் பெயரை முதுகில் தைத்திருந்தனர். நரைத்த தாடிக்காரர், கையில் பச்சை குத்திய இளைஞர், கைக்குழந்தையோடு வந்த இளந்தம்பதியர் எனப் பல திறத்தாரும் இருந்தனர். இவர்களுள் ஞாயிறுதோறும் திருப்பலிக்குச் செல்வோர் மிகச் சிலரே என்று நம்மை அழைத்து வந்தவர் கூறினார். ஆயினும் இருள் சூழ்ந்தபின் அன்னையின் சுரூபத்தின் முன் மெழுகுதிரிகள் குறையவே இல்லை.

மறுநாள் காலை திறந்தவெளியில் திருப்பலி. 1638-ஆம் ஆண்டு மன்னர் பதின்மூன்றாம் லூயி தம் நாட்டை அன்னைக்கு அர்ப்பணித்த நாள்முதல், ஆகஸ்டு 15 அந்நாட்டவர்க்குத் தனிச் சிறப்புடைய திருநாள். திருப்பலி முடிந்ததும் குருக்கள் தீர்த்தச் செம்பை ஏந்தி வரிசை வரிசையாக நடந்தனர். வண்டியின் மீதும், ஓட்டுபவர் மீதும், கழற்றி மார்போடு அணைத்த தலைக்கவசத்தின் மீதும் தீர்த்தம் தெளிக்கப்பட்டது. நாமும் அப்பணியில் பங்குகொண்டோம்.

அவ்வரிசையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க தாய் ஒருத்தி, புதிய தலைக்கவசம் ஒன்றை இரு கைகளாலும் நீட்டினார். மூத்த மகனைச் சாலை விபத்தில் இழந்தவர். இப்பொழுது இளையவனும் வண்டி ஓட்டுகிறான். "தடுத்துப் பார்த்தேன், முடியவில்லை, ஆகவே அவனோடு நானும் வந்துவிட்டேன்" என்றார். மகன் தலைகுனிந்து நின்றான். நாம் ஆசி வழங்கியபின், தலைக்கவசத்தைத் தாயே மகனுக்கு அணிவித்து, வாரைப் பூட்டிவிட்டார்.

பிற்பகலில் பவனி. வண்டிகள் அணியணியாக அண்டை ஊர்களைச் சுற்றிவரப் புறப்பட்டன. தங்கள் வீட்டு வாயில்களில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த முதியோர் கையசைத்தனர்; சிறுவர்கள் சாலையோரம் நின்று ஆரவாரித்தனர். எதிர்ப்படும் அறிமுகமற்ற தோழருக்கு இடக்கையின் இரு விரல்களை விரித்து வணக்கம் கூறுவதும், வழிவிட்டவருக்கு வலக்காலை நீட்டி நன்றி கூறுவதும் அந்நாட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரின் வழக்கம். வலக்கை விசையை விட்டு அகலக்கூடாதன்றோ! ஒருகாலத்தில் இவர்களைக் கண்டு கதவடைத்த ஊர்கள் இன்று தண்ணீரும் பழமும் கொடுத்து வரவேற்பதைக் கண்டபோது, ஒரு பங்குத் தந்தையின் அழைப்பு எத்துணைக் கதவுகளைத் திறந்துள்ளது என்பதை உணர்ந்தோம்.

இங்கே ஒன்றைச் சிந்திப்பது நலம். ஆசீர்வாதம் தாயத்தன்று. அது திருச்சபையின் அருள்வேண்டற்குறி. பொருளுக்கு மாயசக்தி ஏற்றுவதற்கன்றி, அதைப் பயன்படுத்தும் மனிதர் இறைவனின் அருளோடு நன்முறையில் பயன்படுத்த வேண்டும் என மன்றாடுவதற்கே தீர்த்தம் தெளிக்கிறோம். கோவிலின் உச்சியிலிருந்து குதிக்குமாறு அலகை தூண்டியபோது, இறைவனைச் சோதிக்கலாகாது என்றல்லவா ஆண்டவர் மறுத்தார்? மந்திரித்த வண்டியை மதுவருந்தி ஓட்டுபவன் அன்றைய அலகையின் சொல்லுக்கே செவிசாய்க்கிறான்.

பிரான்சு பெருநிலத்தில் 2022-ஆம் ஆண்டு சாலை விபத்துகளில் 3,267 பேர் மாண்டனர். அவர்களுள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் இருசக்கர மோட்டார் வண்டியில் சென்றவர்கள். அதே ஆண்டில் நம் இந்தியத் திருநாட்டில் மாண்டோர் 1,68,491 பேர். மக்கள்தொகை வேற்றுமையைக் கருதினாலும் நெஞ்சம் நடுங்குகிறது. அவர்களுள் நூற்றுக்கு நாற்பத்து நால்வருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்களே. இவ்வெண்ணிக்கைக்குப் பின்னே எத்தனை தாய்மார்!

நம் பங்குகளிலும் புதிய வண்டியை ஆலய முற்றத்துக்குக் கொண்டுவந்து மந்திரிக்கக் கேட்கும் நல்வழக்கம் உண்டு. முகப்பில் சிலுவையும் கைப்பிடியில் செபமாலையும் தொங்குகின்றன. ஆனால் தலைக்கவசமோ பெட்டியில் உறங்குகிறது. அல்லது காவலர் நிற்கும் சந்தியில் மட்டும் தலையேறுகிறது. பின்னால் அமரும் மனைவிக்கும் பிள்ளைக்கும் அதுவும் இல்லை. அன்பார்ந்த பெற்றோரே, அடுத்தமுறை வண்டியை மந்திரிக்கக் கொண்டு வரும்போது, அதில் செல்வோர் அனைவரின் தலைக்கவசங்களையும் சேர்த்தே கொண்டு வாருங்கள். பிள்ளைகளே, வாயிலில் நின்று உங்கள் வருகையைப் பார்த்திருக்கும் தாயை நினைந்து வேகத்தைக் குறையுங்கள். விண்ணேற்படைந்த அன்னை நம் வழிப்பயணம் அனைத்திலும் உடன்வருவாராக!