கொதிக்கும் நேரத்தில் சுற்றாத விசிறி

எம்ஜிபி என்ற பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காரில் ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு விசிறி இருக்கிறது. வாட்டர் பம்ப்பின் புல்லியோடு சேர்த்து நான்கு போல்ட்டில் முடுக்கியிருப்பார்கள். எஞ்சின் வேகமெடுத்தால் அதுவும் வேகமெடுக்கும். எஞ்சின் ஓய்ந்தால் அதுவும் ஓயும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். யோசித்துப் பார்த்தால் இதைவிடக் கிறுக்கான ஏற்பாடு கிடையாது. நெடுஞ்சாலையில் 70 மைல் வேகத்தில் போகையில் எதிர்க்காற்றே கிரில் வழியாகப் புகுந்து ரேடியேட்டரை ஆற்றிவிடுகிறது. விசிறிக்கு வேலையே இல்லாத அந்த நேரத்தில்தான் அது பேயாட்டம் ஆடும். லண்டனைச் சுற்றும் எம்25 சாலையில், ஹீத்ரோ பக்கம், ஆகஸ்ட் மாத மாலையில் வண்டிகள் ஊர்ந்து நிற்கும்போது விசிறியை விட்டால் வேறு கதி இல்லை. அப்போது எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கும். விசிறியும் ஏனோதானோவென்று சுற்றும். பந்தி முடிந்தபிறகு ஓடி ஓடிப் பரிமாறுகிற ஆள் இது.

கணக்கும் இதற்கு எதிராகவே இருக்கிறது. ஒரு விசிறியை இரு மடங்கு வேகத்தில் சுற்ற வேண்டுமானால் எட்டு மடங்கு சக்தி வேண்டும். 1798 சிசி எஞ்சின் தருவதாகச் சொன்னதே 95 குதிரைத்திறன்தான். அதில் ஒரு பங்கு, தேவையே இல்லாத காற்றைக் கிளப்பவும் காது அடைக்கும் இரைச்சலை உண்டாக்கவும் போகிறது. ஆகவே பெல்ட் விசிறியைக் கழற்றிவிட்டு, சூடு ஏறினால் மட்டும் ஓடுகிற மின்விசிறியை மாட்டலாம் என்று முடிவு செய்தேன். என்னுடையது 1970 மாடல், திறந்த கூரை.

“ஒரிஜினாலிட்டி போய்விடுமே” என்று பழைய கார் வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் முகம் சுளிப்பார்கள். இந்தக் கூச்சம் எனக்கு விளங்கவில்லை. எம்ஜிபி 1962இல் ஆபிங்டன் தொழிற்சாலையிலிருந்து வெளிவருவதற்கு ஓராண்டு முன்பே, ஜாகுவார் இ-டைப் மின்விசிறியோடு வந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டியில் ஒரு வெப்ப ஸ்விட்ச். அது சொன்னால் விசிறி ஓடும். எம்ஜிபியில் அதைச் செய்யாததற்குக் காரணம் தெரியாமை இல்லை. விலைதான் என்பது என் எண்ணம். 1973இல் வி8 எஞ்சினைப் போட்டபோது அதே ஆபிங்டன்காரர்கள் இரண்டு மின்விசிறிகளை வைத்தார்கள். 1976இல் சாதாரண எம்ஜிபியிலும் ரேடியேட்டரை முன்னுக்குத் தள்ளி, பெல்ட் விசிறியை எடுத்துவிட்டு, மின்விசிறிக்கு மாறிவிட்டார்கள். கம்பெனியே திருத்திக்கொண்ட ஒன்றை நாம் திருத்தினால் அது தெய்வகுற்றம் ஆகிவிடாது. எஞ்சினைக் குறுக்காக வைக்கும் சின்னக் கார்கள் பெருகியபிறகு மின்விசிறி உலகெங்கும் வழக்கமாயிற்று. மாருதி 800 வைத்திருந்தவர்களுக்கு, சிக்னலில் நிற்கும்போது முன்னாலிருந்து திடீரென்று கிளம்பும் அந்த ‘உர்ர்’ சத்தம் நினைவிருக்கும்.

இந்த எம்ஜிபி எஞ்சின் நமக்கு அந்நியமானதும் இல்லை. பிஎம்சி நிறுவனத்தின் ‘பி-சீரீஸ்’ குடும்பத்தில் பிறந்தது அது. அதே குடும்பத்தின் 1489 சிசி எஞ்சின்தான் நம் அம்பாசடரில் பல ஆண்டுகள் உழைத்தது. மேட்டுப்பாளையத்தில் டாக்சி ஓட்டிய என் மாமா அந்த எஞ்சினோடு வாழ்ந்தவர். ஊட்டி மலைப்பாதையில் பர்லியார் வந்ததும் வரிசையாகப் பானட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு வண்டிகள் நிற்கும். பயணிகள் பழக்கடைகளை மேய்வார்கள். டிரைவர்கள் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, பெட்ரோல் பம்ப்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றுவார்கள். எஞ்சின் சூட்டில் பம்ப்பிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடாமல் இருக்க அந்த வைத்தியம். மின்விசிறி விஷயத்தை மாமாவிடம் போனில் சொன்னேன்.

“மாட்டு மாப்ளே, நல்லதுதான். வண்டி ஓடறப்ப ஹீட் ஆகுதா, நிக்கறப்ப ஹீட் ஆகுதா? மொதல்ல அதச் சொல்லு” என்றார்.

“நிக்கறப்பதான் மாமா.”

“அப்பச் சரி. ஓடறப்ப ஆச்சுன்னா ஃபேனு என்ன பண்ணும்? எதுக்கும் ரேடியேட்டரக் கழட்டித் தலகீழா வெச்சு, ஓஸ் போட்டுத் தண்ணி அடி.”

இந்தத் துறையில் நான் கேட்ட மிக நல்ல ஆலோசனை இதுதான். ஐம்பது மைல் வேகத்தில் போகும்போதும் வெப்பமானியின் முள் ஏறிக்கொண்டே போனால், காற்று போதாமல் இல்லை, வேறெங்கோ கோளாறு. ரேடியேட்டர் குழாய்களில் துருச்சேறு அடைத்திருக்கலாம். பற்றவைப்பு நேரம் பின்தங்கியிருக்கலாம். கார்புரேட்டர் பெட்ரோலைக் குறைவாகக் கலக்கலாம். 82 டிகிரியில் திறக்க வேண்டிய தெர்மோஸ்டாட் பாதியில் சிக்கியிருக்கலாம். ரேடியேட்டர் மூடியை யாரும் சந்தேகப்படுவதில்லை. 10 பவுண்டு அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் உள்ளே வெறும் தண்ணீர்கூட ஏறக்குறைய 115 டிகிரி வரை கொதிக்காது. அந்த மூடியின் ரப்பர் போய்விட்டால் 100 டிகிரியிலேயே பொங்கிவிடும். இதையெல்லாம் பார்க்காமல் விசிறியை மாட்டுவது காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் மாத்திரை விழுங்குகிற வேலை. மாமா சொன்னபடி தலைகீழாக வைத்துத் தண்ணீர் அடித்தேன். ரேடியேட்டரிலிருந்து வெகுநேரம் காவி நிறத்தில்தான் வந்தது.

மாட்டுவது பெரிய வித்தை இல்லை. காற்றை உறிஞ்சும் விசிறியாக ரேடியேட்டருக்குப் பின்னால் வைப்பதே சிறந்தது. ஆனால் என் மாடலில் ரேடியேட்டருக்கும் பம்ப்புக்கும் நடுவே இடம் குறைவு. முன்னால் வைத்துத் தள்ளுவிசிறியாகத்தான் ஓட்ட வேண்டும். கடையில் விற்கும் விசிறியோடு, ரேடியேட்டர் துடுப்புகளுக்குள்ளேயே குத்தி நுழைக்கிற நைலான் குச்சிகளையும் தருவார்கள். ஐந்து நிமிட வேலை என்று ஆசை காட்டும் அந்தக் குச்சிகளைத் தொடாதீர்கள். வண்டியின் அதிர்வில் அவை தேய்த்துத் தேய்த்து, ஒருநாள் குழாயையே ஓட்டையாக்கிவிடும். இரண்டு இரும்புப் பட்டைகளை வளைத்து ரேடியேட்டரின் ஓரச் சட்டத்தில் பிடிப்பதுதான் முறை. பிறகு ஒரு தாளை ரேடியேட்டரின் பின்பக்கம் பிடித்துப் பார்க்க வேண்டும். தாள் எஞ்சின் பக்கமாகப் பறந்தால் திசை சரி. வயரை மாற்றிக் கொடுத்தால் விசிறி எதிர்த்திசையில் ஓடும். எதிர்க்காற்றோடு மல்லுக்கு நிற்கும். 1967 வரை வந்த எம்ஜிபிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த் என்பதால் அங்கே இந்தக் குழப்பம் அதிகம்.

உண்மையான வேலை வயரிங்கில் இருக்கிறது. இந்த விசிறி சாதாரணமாகவே 10 ஆம்பியர் வரை இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைவிட மிக அதிகம். சாவி ஸ்விட்ச் வழியாக நேராகக் கொடுத்தால் ஐம்பது வயதான அந்த ஸ்விட்ச்சின் முனைகள் கருகிப்போகும். பல வண்டிகளில் முந்தைய உரிமையாளர்கள் இதைத்தான் செய்து வைத்திருப்பார்கள், இன்சுலேஷன் டேப் சுற்றி. ஒரு ரிலே வாங்கினால் தொல்லை தீர்ந்தது. அதன் 30ஆம் முனைக்கு, எப்போதும் மின்சாரம் இருக்கும் பழுப்பு வயரிலிருந்து 20 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ஓர் இணைப்பு; 87இலிருந்து விசிறிக்கு; 86க்கு, சாவி போட்டால் மட்டும் உயிர்பெறும் பச்சை வயர்; 85இலிருந்து வெப்ப ஸ்விட்ச் வழியாக எர்த். இந்தக் கார்களுக்கு மின்பாகங்கள் செய்த லூகாஸ் நிறுவனத்தின் வயர் நிறங்களை ஒருமுறை மனப்பாடம் செய்துகொண்டால் பழைய ஆங்கிலேயக் கார் எதிலும் கைவைக்கலாம். லூகாஸைக் கேலி செய்யும் நகைச்சுவைகள் இங்கே ஏராளம். நான் பார்த்தவரை தீப்பிடித்த கதைகளில் பெரும்பாலும் குற்றவாளி டேப் சுற்றியவர்தான்.

சாவியை எடுத்த பிறகும் விசிறி ஓடட்டும் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எஞ்சின் நின்றால் வாட்டர் பம்ப்பும் நின்றுவிடும். விசிறி ஆற்றுவது ரேடியேட்டரில் தேங்கிய தண்ணீரை மட்டுமே. பானட்டைத் திறந்து கையை விடுகிறவனின் விரலுக்கும் ஆபத்து.

பக்கத்துத் தெரு நண்பரிடம் 1964 மாடல் இருக்கிறது. என் வண்டியைப் பார்த்து அவருக்கும் ஆசை வந்துவிட்டது. அதில் ஆல்டர்னேட்டர் இல்லை, டைனமோ. முழுவேகத்தில் ஓடினாலும் 22 ஆம்பியர்தான் தரும். இரவில் விளக்குக்கும் வைப்பருக்கும் இக்னிஷனுக்கும் போக மிஞ்சுவது கொஞ்சம். அதைவிட மோசம், ஐட்லிங்கில் டைனமோ ஏறத்தாழ ஒன்றுமே தராது. விசிறி தேவைப்படுவதோ ஐட்லிங்கில். பெல்ட் விசிறியில் இருந்த அதே கிறுக்கு, இடம் மாறி டைனமோவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது; நெரிசலில் பேட்டரி தேய்ந்துகொண்டே போகும். முதலில் ஆல்டர்னேட்டர், பிறகு விசிறி என்று அவரிடம் சொல்லிவிட்டேன். என் வண்டியின் 34 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்கு இது பெரிய சுமை இல்லை.

வெப்ப ஸ்விட்ச்சில் கஞ்சத்தனம் கூடாது. ரேடியேட்டரின் மேல் ஓஸின் வாய்க்குள் மெல்லிய குழாயைச் செருகுகிற மலிவான வகை, ரப்பர் மடிப்பில் கசியும். ஓஸை வெட்டி நடுவே ஒரு உலோக இணைப்பைப் போட்டு, அதில் ஸ்விட்ச்சைத் திருகுவது மேல். இணைப்பு இரண்டு ரப்பருக்கு நடுவே இருப்பதால் அதற்குத் தனியாக எர்த் வயர் கொடுக்க வேண்டும். 92 டிகிரி வாக்கில் ஓடத் தொடங்கி, 87இல் நிற்கிற ஸ்விட்ச் போதும். தெர்மோஸ்டாட் திறக்கும் 82க்குக் கீழே நிற்கும்படி வைத்தால் விசிறி நிற்கவே நிற்காது.

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட்டில் ஹார்ட்நாட் என்றொரு மலைப்பாதை உண்டு. சில இடங்களில் மூன்றடிக்கு ஓரடி ஏற்றம், ஒற்றை வழி, எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். விசிறியை மாட்டியபின் அங்கே முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறியபோது முள் மேலே போயிற்று, விசிறி உறுமியது, முள் இறங்கிற்று. எனக்கு அவ்வளவு போதும். வண்டி வேகமாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த வித்தியாசம் ஓட்டுபவர் காலுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும்.

மாட்டப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டியில் புதிதாக எந்த ஓட்டையும் போடாதீர்கள். ஏற்கெனவே இருக்கும் துளைகளே போதும். விசிறியை எடுத்துவிட்டால் பழைய போல்ட்டுகள் புல்லிக்கு நீளம் கூடுதல், குட்டையானவை வாங்க வேண்டும். கழற்றிய விசிறியையும் அந்த நான்கு போல்ட்டையும் எண்ணெய் தடவி, பெயரெழுதி, பரணில் வையுங்கள். அடுத்து இந்தக் காரை வாங்குபவர் கட்டாயம் கேட்பார்.